கூப்பிடு தூரம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெரூஷாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சேலையூரில் நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். நான் தமிழ், அவள் இயற்பியல். ஸ்டாஃப் ரூமில் யாராவது ஆவிக் கதையை ஆரம்பித்தால், "அது எந்த வோல்டேஜ்ல ஓடுது மிஸ்?" என்று கேட்டு வாயை அடைக்கிறவள். அப்பேர்ப்பட்டவள் இதை என்னிடம் சொன்னபோது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.  பிறகு அவள் மாமியாரைக் கேட்டேன். அவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரையும் கேட்டேன். மூன்று பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். நான் இதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை.

நடந்தது போன வருஷம் டிசம்பரில், ஒரு சனிக்கிழமை. மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

அப்போது ஜெரூஷா குடும்பம் மாடம்பாக்கத்தில் ஒரு தனி வீட்டில் வாடகைக்கு இருந்தது. சிவன் கோயிலைத் தாண்டி உள்ளே போகும் தெருக்களில் ஒன்று. கீழே மட்டும்தான் வீடு. மேலே மொட்டை மாடி, அதில் ஒரு கருப்புத் தண்ணீர் டேங்க். மாடிப்படி வெளிப்பக்கம். அவர்கள் குடிவந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கணவன் ஸ்டெபினுக்கு மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். மதியம் போனால் நடு ராத்திரிக்கு மேல்தான் வருவான். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக வீட்டில் இருந்தது ஜெரூஷா, மாமியார் மெட்டில்டா அம்மா, ஐந்து மாதக் குழந்தை எபி.

எபிக்கு நெஞ்சுச் சளி. மூச்சு விடும்போது உள்ளே கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம். கேம்ப் ரோட்டு டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு ஒரு வழியும் சொல்லியிருந்தார். பாத்ரூமில் சுடுதண்ணீர் ஷவரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையோடு பத்து நிமிஷம் உட்கார வேண்டும். அந்த ஆவி உள்ளே போனால் நெஞ்சு இளகும். இளகவில்லை என்றால், இன்றைக்கு ராத்திரி மூச்சு இறுகினால், யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

எல்லாம் சரி. ஷவர் வேலை செய்ய வேண்டுமே.

மூன்று நாளாக அது வேலைநிறுத்தம். சுடுதண்ணீர் இல்லை, வேகமும் இல்லை. நூல் மாதிரி ஒழுகும், அதுவும் பச்சைத் தண்ணீராக. ப்ளம்பர் சிவகுமாரைக் கூப்பிட்டால், "நாளைக்குக் காலைல ஃபர்ஸ்ட் உங்க வீடுதான்க்கா" என்றான். ப்ளம்பர் சொல்லும் நாளைக்கு எந்தக் காலண்டரிலும் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மெட்டில்டா அம்மா அண்டாவில் வெந்நீர் போட்டு வைக்கலாம் என்றார். கொதிக்கிற அண்டாவைக் குழந்தை பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஜெரூஷா துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு தானே இறங்கிவிட்டாள். பைப் வேலையெல்லாம் ஆம்பிளைங்க வேலை என்று மாமியார் முணுமுணுத்தார். பைப்புக்குள்ளே போவது தண்ணீர், அதற்கு ஆண் பெண் தெரியாது என்று இவள் பதில் சொன்னாள். பிறகு அன்று முழுக்க மாமியாருக்கு அவள் 'இன்ஜினியரம்மா'தான்.

அவள் வேலை செய்த முறையைக் கேட்டால் வகுப்பு எடுப்பது போலவே இருக்கும். முதலில் ஷவர் தலையைக் கழற்றினாள். ஓட்டையெல்லாம் உப்புப் படிந்து அடைத்திருந்தது. அதை வினிகரில் ஊறப் போட்டாள். தலை இல்லாமலே திறந்து பார்த்தாள். அப்போதும் நூல்தான். கீழே இருந்த பச்சைத் தண்ணீர்க் குழாய் மட்டும் நன்றாகக் கொட்டியது. ஆக டேங்கில் தண்ணீர் இருக்கிறது, கோளாறு கீசருக்குப் போகும் லைனில். கீசர் சுவிட்சை அணைத்தாள். அதற்குள் இருந்த தண்ணீரை முழுக்க வடித்தாள். வெள்ளை வெள்ளையாக உப்புப் பொடி விழுந்தது. மூடி மாட்டினாள். அதன் பிறகும் கீசருக்குள் தண்ணீர் ஏறவில்லை.

மிச்சம் ஒரே இடம்தான். மாடியில், டேங்கிலிருந்து கீசருக்கென்று தனியாக இறங்கும் லைனில் ஒரு வால்வு. அது துருப்பிடித்துப் பாதி மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். ஒருத்தர் மேலே வால்வைத் திருப்புவார், ஒருத்தர் கீழே குழாயடியில் நிற்பார். மேலே இருக்கிறவர் "வருதா?" என்று கேட்பார். கீழே இருக்கிறவர் "வருது", "வரல" என்று சொல்வார். ஜெரூஷா போனில் பேசிக்கொள்ளலாம் என்றாள். மெட்டில்டா அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. கூப்பிடு தூரத்துக்கு எதற்கு போன் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். பாத்ரூமின் வெண்டிலேட்டர் வீட்டின் பின்பக்கம், டேங்குக்கு நேர் கீழே. குனிந்து பேசினால் தெளிவாகக் கேட்கும்.

குழந்தை பாத்ரூமை ஒட்டிய அறையில் சேலைத் தூளியில் தூங்கினான். மாமியார் பாத்ரூமுக்குள் போய் நின்றார். ஜெரூஷா ஸ்பானரும் எண்ணெய்க் குப்பியுமாக மாடியேறினாள்.

மணி ஆறு அடிக்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கோயில் பக்கம் மைக்கில் ஏதோ பாட்டு.

வால்வு கல் மாதிரி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுத் தட்டினாள். கால் சுற்று நகர்ந்தது.

"அத்தை, வருதா?"

"வரலம்மா."

மறுபடி எண்ணெய். மறுபடி தட்டல். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பலமாகவே தட்டினாள். காது அடைத்தது.

"அத்தை, இப்ப?"

கீழே சத்தமே இல்லை. அவள் இன்னொரு தடவை கேட்கலாம் என்று குனிந்தாள்.

"வரலங்க."

ஜெரூஷாவுக்குச் சிரிப்பு வந்தது. மெட்டில்டா அம்மா மருமகளை 'ங்க' போட்டுப் பேசிய சரித்திரம் கிடையாது. இன்ஜினியரம்மாவுக்கு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். குரல்கூடக் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. மெலிசாக, வெண்டிலேட்டருக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசுவது போல. டைல்ஸ் போட்ட அறையில் குரல் அப்படித்தான் எதிரொலிக்கும். அதையும் அவளே நினைத்துக்கொண்டாள்.

இன்னும் கால் சுற்று.

"இப்ப பாருங்க."

"சொட்டுதுங்க."

"சொட்டுதா? சரி, அங்கேயே நில்லுங்க."

"நிக்கிறேங்க... நின்னுட்டுத்தாங்க இருக்கேன்."

அந்தப் பதில் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. கிண்டல் என்றால் அதில் ஒரு சிரிப்பு இருக்க வேண்டாமா. இந்தக் குரலில் சிரிப்பே இல்லை. கால் வலிக்க ரொம்ப நேரம் நின்றவர்கள் பேசுவது போல இருந்தது. மாமியாருக்கு முட்டி வலி உண்டு. பாவம், சீக்கிரம் முடிப்போம் என்று ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு அழுத்தினாள்.

டக்.

வால்வு விட்டுக்கொடுத்தது. பைப்புக்குள்ளே கடகடவென்று தண்ணீர் இறங்கும் சத்தம். சுவரில் வைத்த அவள் உள்ளங்கை அதிர்ந்தது.

"அத்தை! இப்ப வருதா?"

"வருதுங்க."

ஜெரூஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி கீசரைப் போட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் போதும். குழந்தைக்கு ஆவி கொடுத்துவிடலாம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். ஸ்பானரைத் துணியில் துடைத்தாள்.

அப்போது அவள் கேட்காமலே கீழேயிருந்து இன்னொரு வார்த்தை வந்தது.

"சுடுதுங்க."

துடைத்த கை அப்படியே நின்றது.

கீசர் சுவிட்சை அணைத்தது அவள்தான். உள்ளே இருந்த தண்ணீரை வடித்ததும் அவள்தான். இப்போது பைப்பில் இறங்குவது டிசம்பர் மாதத்து டேங்குத் தண்ணீர். அதில் அவள் சற்று முன்தான் கைவிட்டுப் பார்த்திருந்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. அது எப்படிச் சுடும்?

வெண்டிலேட்டர் வழியாக வெள்ளையாக ஏதோ எழும்பி வந்தது. அவள் முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

ஆவி.

மாமியார் சுவிட்சைப் போட்டிருப்பார் என்று நினைத்தாள். போட்டாலும் அரை நிமிஷத்தில் எந்தக் கீசரும் சூடாக்காது என்று அவள் மூளையே அவளுக்குப் பதில் சொன்னது.

அந்த நேரம் பார்த்து எபி அழ ஆரம்பித்தான். அழுகை பாதியில் இருமலானது. அந்தக் கோழிக்குஞ்சுச் சத்தம்... மாடி வரைக்கும் கேட்டது.

"குழந்தை அழுதுங்க."

குரல் இப்போது நடுங்கியது.

"நான் போய்ப் பாக்கட்டுமாங்க?"

இதையெல்லாம் ஒரு கேள்வியாகக் கேட்பார்களா? பேரன் மூச்சுக்குத் திணறுகிறான், பாட்டி மரியாதையாக அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ஜெரூஷாவுக்கு வந்த கோபத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

"இதுக்கெல்லாமா கேப்பீங்க? பைப் எக்கேடும் கெட்டுப் போவுது, போங்க. குழந்தைகிட்டயே இருங்க. அவனைப் பாத்துக்கங்க."

 கீழே ஒரு பெருமூச்சு. அழுது முடித்தவர்கள் விடுவார்களே, அந்த மாதிரி.

"சரிங்க."

பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள்... பிறகு கீல்.

ஜெரூஷா சாமான்களை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தெரு தெரிந்தது. எதிர் வீட்டு தனம் அக்காவின் காம்பவுண்டு. அங்கே கற்பூரவல்லிச் செடி. செடிக்குப் பக்கத்தில் குனிந்து இலை பறித்துக்கொண்டு...

மெட்டில்டா அம்மா.

ஸ்பானர் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, தண்ணி வந்துடுச்சா?"

 வீட்டுக்குள் யார் என்று ஜெரூஷா கேட்டாள்.

"யாருமில்லையே. எபி தூங்கறான். தனம் இலை தரேன்னு கூப்பிட்டா. ஒரு நிமிஷம் போய்ட்டு வரேன்னு சத்தம் போட்டேனே, நீ தட்டிக்கிட்டே இருந்த."

படிகளை அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வாசல் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

அது இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. மெட்டில்டா அம்மா பழக்கதோஷத்தில் சாத்திவிட்டுப் போயிருந்தார். சாவி உள்ளே ஆணியில் தொங்கியது.

உள்ளே குழந்தை. வெளியே இவர்கள்.

இடுப்பில் செருகியிருந்த செல்போனில் ஸ்டெபினுக்கு அடித்தாள். லாக்கருக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அழைப்பு அவள் போனில் இன்னும் இருக்கிறது. 6.24. எனக்குக் காட்டினாள். வீட்டுக்காரர் சம்பந்தத்திடம் இன்னொரு சாவி உண்டு. அவருக்குப் போன் போடும்படி தனம் அக்காவிடம் கத்திவிட்டு, பக்கச் சந்து வழியாக அறை ஜன்னலுக்கு ஓடினாள். மாமியார் முட்டி வலியையும் மறந்து பின்னால் ஓடினார்.

ஜன்னல் கண்ணாடி பாதி திறந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

விளக்கு போடாத அறை. புகை மூட்டமாக ஆவி. பாத்ரூமில் தண்ணீர் கொட்டும் இரைச்சல்.

கிரீச்... கிரீச்...

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

குழந்தை புரண்டால் தூளி ஆடும். காற்றுக்கும் ஆடும். ஆனால் தள்ளிவிட ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து நிற்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு அவள் நடத்துகிற பாடம் இது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குறையவில்லை.

ஒரே அளவு. ஒரே சீர். ஒவ்வொரு தடவையும் இந்தக் கோடிக்கு வந்து... ஒரு நொடி நின்று... மெல்லத் தள்ளிவிட்டது போலத் திரும்பப் போனது.

எபியின் இருமல் நின்றிருந்தது. அந்தக் கோழிக்குஞ்சுச் சத்தமும் இல்லை.

எந்தச் சத்தமும் இல்லை.

"எபி..."

கிரீச்.

"யாரு... உள்ள யாரு?"

கிரீச்...

"ஷ்..."

ஜெரூஷாவின் தோளைப் பிடித்திருந்த மாமியாரின் விரல்கள் அப்படியே இறுகின.

"தூங்குதுங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம். ஒரு முழத் தூரத்தில்.

மெட்டில்டா அம்மாவும் அதைக் கேட்டார். அதன் பிறகு சம்பந்தம் வரும் வரை அவர் கண்ணை மூடிக்கொண்டு பைபிள் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெரூஷா கண்ணை மூடவில்லை. மூடினால் தூளியைப் பார்க்க முடியாது என்பதால் இமைக்கவும் இல்லை.

சம்பந்தம் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். ஒரு காலத்தில் அந்தத் தெருவே அவருடைய அப்பாவின் நெல் வயல். ஆஜானுபாகுவான மனுஷன்.  அவர் பூட்டில் சாவியைப் போடுவதற்கு முன்னால் அவளைத் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மேலேந்து கூப்ட்டியாமா? தண்ணி வருதான்னு?"

அவள் தலையாட்டினாள். அவர் முகம் செத்துப்போனது. கதவைத் திறந்துவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஓடியது ஜெரூஷாதான்.

தூளி அப்போதுதான் நின்றுகொண்டிருந்தது. உள்ளே எபி. நெற்றியில் வேர்வை பூத்து, வாயை லேசாகத் திறந்து, அயர்ந்த தூக்கம். அவள் அவன் நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. மூன்று நாளாக விடாத சளி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தது போல, போன இடம் தெரியவில்லை.

குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போனாள். தலை கழற்றிய ஷவர்க் குழாயிலிருந்து தண்ணீர் கை தடிமனுக்குக் கொட்டியது. கொதித்தது. சுவிட்சைப் பார்த்தாள். அவள் அணைத்தபடியே இருந்தது. குழாயை மூட நீட்டிய கை சுட்டு, இரண்டு நாள் தோல் சிவந்திருந்தது.

வெளியே வரும்போதுதான் தரையைப் பார்த்தாள். பாத்ரூம் வாசலிலிருந்து தூளி வரைக்கும் ஈரக் கால் தடம். சின்னக் கால். பொம்பளைக் கால். தூளிக்குப் போயிருந்தது. தூளியிலிருந்து திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

அன்று ராத்திரி அவர்கள் தனம் அக்கா வீட்டில் தங்கினார்கள். சம்பந்தம் அங்கே வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு இளம் ஜோடி குடியிருந்தது. மனைவி பெயர் தேவதர்ஷினி. கைக்குழந்தை ஒன்று. ஒரு மழைக்கால மாலை, இதே மாதிரி ஷவரில் தண்ணீர் வராமல் கணவன் மாடிக்குப் போனான். அவளைக் கீழே குழாயடியில் நிற்க வைத்தான். அவன் கேட்க, அவள் வரலங்க, வரலங்க என்று சொல்ல, நடுவில் குழந்தை அழுதது. போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். நான் சொல்கிற வரைக்கும் நகராதே, அங்கேயே நில் என்றான். நின்றாள். அடுத்த நிமிஷம் பாசியில் கால் வழுக்கி அவன் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டான். அது அவளுக்குத் தெரியாது. மேலேயிருந்து கேள்வி வரும் என்று அவள் காத்துக்கொண்டே நின்றாள். குழந்தையின் அழுகை நின்றது. தூங்கிவிட்டது என்று நினைத்தாள்.

தூங்கவில்லை. பால் புரையேறியிருந்தது. ஆள் வந்து பார்த்தபோது மேலே இருந்தவனும் உயிரோடு இல்லை, குழந்தையும் இல்லை. அவள் மட்டும் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். வந்தவர்களிடம் இதைச் சொன்னதோடு அவள் பேச்சு நின்றுவிட்டது.

அதன் பிறகு ஒரு நாள் சம்பந்தமே டேங்கைக் கழுவ மாடியேறியிருக்கிறார். கீழே அவர் மனைவி முனியம்மா இருப்பதாக நினைத்து வருதா என்று கேட்டிருக்கிறார். வரலங்க என்று பதில் வந்திருக்கிறது. முனியம்மா அன்று தங்கள் வீட்டை விட்டே கிளம்பவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் ப்ளம்பர்களிடம், எதுவானாலும் போனில் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தார். குடிவந்தவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. வாத்தியாரம்மா மாடியேறி வால்வைத் திருப்புவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

 அந்தப் பெண் எப்போது செத்தாள் என்று ஜெரூஷா கேட்டாள்.

"சாவலமா" என்றார் சம்பந்தம். "உசுரோடதான் கீது. ஊரப்பாக்கத்துல, அண்ணன் வூட்ல."



மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தத்துக்கு மனசு கேட்காமல் தேவதர்ஷினியின் அண்ணன் விக்கிக்குப் போன் செய்தார். எடுத்ததும் அவன் கேட்டது, உங்களுக்கு யார் சார் தகவல் சொன்னது என்று. சாவு வீட்டுச் சத்தம் பின்னால் கேட்டிருக்கிறது. சம்பந்தம் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஊரப்பாக்கம் போனார். அங்கே அவளுடைய அண்ணி சொன்னதைத்தான் அவர் திரும்பி வந்து இவர்களிடம் சொன்னார்.

எட்டு வருஷமாகத் தேவதர்ஷினி யாரோடும் பேசியதில்லை. சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவாள். பொழுது சாய்ந்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். எப்போதாவது வரலங்க என்பாள். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்தால்தான் உண்டு. சனிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் போய் நின்றாள். ஆறரை மணிக்குள் இருக்கும். யாரும் கூப்பிடாமல், தானே குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள். முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"குழந்தைகிட்ட இருக்கச் சொல்லிட்டாங்க அண்ணி. நான் போறேன்."

போறேன்னு சொல்லக் கூடாது, போய்ட்டு வரேன்னு சொல்லு என்று அண்ணி பழக்கத்தில் திருத்தியிருக்கிறாள். அவள் லேசாகச் சிரித்தாளாம். பாயை விரித்துப் படுத்தாள். அண்ணி காபி போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் உடம்பு குளிர்ந்திருந்தது.

அந்த வாரமே ஜெரூஷா குடும்பம் வீட்டைக் காலி செய்தது. இப்போது மேற்குத் தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட். ஸ்டெபின் இதையெல்லாம் முழுசாக நம்பினானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீடு பார்க்கும்போது அவன்தான் முதலில் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தான். எபிக்கு ஒன்றேகால் வயது ஆகிறது. ஓடுகிறான், விழுகிறான், எழுந்து சிரிக்கிறான். அதன் பிறகு அவனுக்கு ஒரு நாள்கூட நெஞ்சில் சளி கட்டியதில்லை. ராத்திரி அவன் சிணுங்க ஆரம்பித்தால் ஜெரூஷா எழுவாள். அவள் கால் தரையில் படுவதற்குள் சிணுங்கல் நின்றிருக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் போர்வை கழுத்து வரைக்கும் இழுத்து விட்டிருக்கும்.

மெட்டில்டா அம்மா ராத்திரி ஜெபத்தில் இப்போது தேவதர்ஷினி பெயரையும் சொல்கிறார். நம்ம பிள்ளையைப் பார்க்கிறவளுக்கு வேறு யார் ஜெபிப்பார்கள் என்று என்னைக் கேட்டார். 

ஜெரூஷாவிடம் ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். பயமாக இருக்கிறதா, குழந்தைக்கு அவள் நல்லதுதானே செய்கிறாள் என்றேன். அவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் மேல் பேனாவை மூடி வைத்தாள்.

"குழந்தைகிட்டயே இருங்கன்னு சொன்னேன் மிஸ்" என்றாள். "எதுவரைக்கும்னு சொல்லல."